முன்பு கொடுத்த மருந்து: இல்லை

போன வாரம் என் பழைய அறையில் விட்டுப்போன இரண்டு புத்தகங்களை எடுத்துக்கொள்ள மருத்துவமனைக்கு வந்தேன். ஓய்வுபெற்று ஒன்பது மாதமான டாக்டரை யாரும் விரட்டுவதில்லை. நிறுத்தி வைத்து டீ வேண்டுமா என்று கேட்கிறார்கள். அது விரட்டுவதைவிட மோசம். புது டாக்டர்களான உங்களில் மூன்று பேர் அறையில் இருந்தீர்கள். மேஜைக்குப் பின்னால் சுவரில் புதிதாக ஒரு தாள், லாமினேஷன் செய்து நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தது. பெட்டி, அம்பு, பெட்டி, அம்பு. காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்த குழந்தை மேல் பெட்டியில் நுழைகிறது. நடுவில் இரத்தம் எடுத்து ப்ரோகால்சிடோனின் என்ற அளவைப் பார்க்கிறீர்கள். அளவு கோட்டுக்கு மேலே என்றால் வலது பக்க அம்பு, சாயம் ஏற்றி எக்ஸ்ரே. கீழே என்றால் இடது பக்க அம்பு, வீட்டுக்கு.

“எப்படி இருக்கு சார்?” என்று கேட்டீர்கள்.

“லாமினேஷன் நல்லா இருக்கு” என்றேன்.

சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. என் மனைவி, “ரிட்டயர் ஆனவர் எதுக்கு ட்யூட்டி டாக்டர் மாதிரி மூஞ்சியை வெச்சுண்டிருக்கேள்?” என்றாள். எதற்கு என்று எழுதுகிறேன். கோபத்தில் எழுதுவதால் கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்று. அந்தப் பரிசோதனைக்கு நான் எதிரி இல்லை. அது இங்கே வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். சிறுநீர்ப்பைக்கு வந்த சிறுநீர் வெளியே போக வேண்டும். சில குழந்தைகளுக்கு அது திரும்பிச் சிறுநீரகம் வரை ஏறுகிறது. கிருமியையும் கூட்டிக்கொண்டு ஏறினால் அங்கே தழும்பு விழலாம்; விழுந்த தழும்பு போகாது. அப்படி ஏறுகிறதா என்று நேராகப் பார்க்க நமக்குத் தெரிந்த வழி, குழந்தையை எக்ஸ்ரே மேஜையில் கிடத்தி, குழாய் செருகி, சிறுநீர்ப்பையைச் சாயத்தால் நிரப்பி, அது சிறுநீர் கழிக்கும்போது படம் எடுப்பது.

இரண்டு வருஷமாகப் படுக்கையில் போகக் கூடாது என்று அம்மா பழக்கி வைத்த குழந்தை. அதைப் படுக்க வைத்து, முன்பின் தெரியாத நான்கு பெரியவர்கள் சுற்றி நின்றுகொண்டு “இப்போ போ கண்ணு, இங்கேயே போ” என்கிறோம். மூன்றரை வயதுப் பெண் ஒருத்தி முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அந்த அறையில் நாகரிகம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். வெளியே வந்து காபி குடிக்க முடியாமல் கீழே கொட்டினேன்.

ஆகவே, இரத்தத்தில் ஓர் அளவு பார்த்து, இந்தக் குழந்தைக்குத் திரும்பி ஏறும் வாய்ப்பு அதிகம், இதற்குக் குறைவு என்று பிரிக்கலாம், எல்லாரையும் அந்த மேஜையில் ஏற்ற வேண்டாம் என்று சொன்னபோது, கல்யாண வீட்டில் முதல் பந்தியிலேயே இலை கிடைத்தவன்போல ஆனேன். பக்கத்து மருத்துவமனை டாக்டர்களுக்கெல்லாம் போன் செய்து சொன்னேன். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அந்த அளவுக்கு ஒரு குணம் உண்டு. இன்றைக்குச் சிறுநீரகம் எவ்வளவு வெந்துகொண்டிருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். பொருத்தமான ஆன்டிபயாடிக் இரண்டு மூன்று நாள் உள்ளே போனால் அளவு மளமளவென்று இறங்கிவிடும். சிறுநீர் திரும்பி ஏறும் பாதை அப்படியே திறந்திருக்கும். அதனால் ஊசி குத்தும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஏற்கெனவே மருந்து ஏதாவது கொடுத்தாயிற்றா? உங்கள் தாளில் அதற்குப் பெட்டி இல்லை.

என்னிடம் இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நீங்கள் தாள் ஒட்டியிருக்கும் சுவரில் பத்து வருஷம் ஒரு பலகை தொங்கியது. ‘டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் மருந்து வாங்கிக் கொடுத்தவர்கள் இங்கே வர வேண்டாம்.’ கன்னடத்தில் மேலே, தமிழில் கீழே. இரண்டு மொழியிலும் மரியாதை கிடையாது. வாசகம் என்னுடையது. மருந்துக்கடைகளில் கண் அளவில் ஆன்டிபயாடிக் கொடுத்து, பாதியில் நிறுத்தி, எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியோடு குழந்தைகள் வந்துகொண்டிருந்த காலம். என் பக்கம் முழு நியாயம் இருந்தது. ஆகவே கத்தினேன். மருந்துக்கடை என்ற வார்த்தை ஒரு தாயின் வாயிலிருந்து வந்தால் போதும், நான் போடும் சத்தம் எக்ஸ்ரே அறை வரைக்கும் கேட்கும். கடைக்காரனைத் திட்ட முடியாது. அவன் கொள்ளேகாலம் போல எங்கோ தூரத்து ஊரில் இருந்தான். எதிரில் இருந்தவளைத் திட்டினேன்.

ஜோதி ஒரு திங்கட்கிழமை காலை வந்தாள். ஹனூர்ப் பக்கம் சொந்த ஊர். புருஷன் டைல்ஸ் பதிக்கிறவன். நஞ்சன்கூடு சாலையில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடி ஒன்றின் பின்னால் தகர வீட்டில் குடியிருந்தார்கள். இரண்டு வயதுப் பெண் குழந்தைக்குப் பெயர் மாதேஸ்வரி, வீட்டில் பாப்பு. மாதேஸ்வரன் மலைக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். தலையில் சந்தனம் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது.

“எத்தனை நாளா காய்ச்சல்?”

“அஞ்சு நாளுங்க. மலை ஏறயிலயே சுட்டுதுங்க. இப்பத் தேவலைங்க. ஆனா ஒன்னுக்குப் போகயில அழுவுதுங்க.”

“கடையில மருந்து வாங்கிக் குடுத்தியா?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாள்.

“இல்லீங்க சாமி.”

“ஒண்ணுமே குடுக்கலையா?”

“பாராசிட்டமால் மட்டும் ஊத்தினனுங்க. கோயில்ல துன்னூறு போட்டு உட்டாங்க.”

நம்பினேன். பாராசிட்டமால் மட்டும் என்ற அந்த ‘மட்டும்’ எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பொறுப்பான அம்மா என்று நினைத்தேன். அந்த மலைச்சாமி மேல் சத்தியம் செய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். மலைக்குப் போய்த் திரும்பி ஒரு நாள்கூட ஆகாதவள் பொய்ச் சத்தியம் செய்திருக்க மாட்டாள். எனக்குத்தான் விஞ்ஞான மனப்பான்மை. கேஸ் ஷீட்டில் ‘முன்பு கொடுத்த மருந்து: இல்லை’ என்று எழுதி, ‘இல்லை’க்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய. ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் ஒன்றுகூட வளரவில்லை. யாரோ பெருக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தரை சொல்கிறது. நான் துடைப்பத்தைத் தேடவில்லை. வயிற்று ஸ்கேன் சாதாரணம். இரத்த அளவு கோட்டுக்கு நன்றாகக் கீழே.

“சாயம் ஏத்துற டெஸ்ட் வேண்டாம்மா. ரத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு” என்றேன்.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அந்தப் பரிசோதனை நடந்ததை அவள் கேள்விப்பட்டிருந்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். “நீங்க நல்லா இருக்கோணுஞ் சாமி.” அன்று மத்தியானம் கேன்டீனில் உங்கள் சீனியர்களை உட்கார வைத்து, பழைய முறையின் கொடுமையைப் பற்றியும் புதிய முறையின் கருணையைப் பற்றியும் அரை மணி நேரம் பேசினேன். என் பேச்சை நானே ரசித்தது நினைவிருக்கிறது.

நாலரை மாதம் கழித்துப் பாப்புவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். குளிரில் பல் கிட்டி நடுங்கியது, வாந்தி, கண் செருகியது. மொட்டைத் தலையில் விரல் அளவுக்கு முடி வளர்ந்திருந்தது. இந்தத் தடவை அளவு எவ்வளவு மேலே போயிருந்தது என்றால், கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஊசி மருந்து போட்டு மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

அன்று காலை ரவுண்ட்ஸ் வந்தபோது ஜோதி கட்டிலில் உட்கார்ந்து குழந்தையின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். கையில் சின்ன வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில். லேபிள் பாதி கிழிந்திருந்தது.

“என்ன எண்ணெய் அது?”

“தேங்காண்ணெய்ங்க.”

“பாட்டிலைக் குடு.”

எண்ணெய் படிந்த லேபிளில் செஃபிக்சிம் என்ற எழுத்துகள் தெரிந்தன. நாம் சிறுநீர்த் தொற்றுக்கு எழுதுகிற அதே ஆன்டிபயாடிக். ஓரத்தில் பேனாவால் யாரோ ‘காலை 1, ராத்திரி 1’ என்று எழுதியிருந்தார்கள். அழகான கையெழுத்து. என்னுடையதைவிட நன்றாகப் படிக்க முடிந்தது.

“இது எப்ப வாங்கினது?”

அவள் எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்தாள்.

“ஜோதி.”

“மொட்டைக்குப் போனப்பங்க. கொள்ளேகாலத்துல பஸ் மாறயில புள்ள அனலாக் கொதிச்சுது. எதுத்தாப்புல கடையில குடுத்தாங்க. மூணு நாள் ஊத்தினனுங்க. நல்ல பாட்டிலுங்க, வீச மனசு வல்லை.”

“நான் கேட்டேனே.”

“கேட்டீங்க.”

“இல்லைன்னு சொன்னியே.”

“தொரத்திப்போடுவீங்கன்னு சொன்னாங்க.”

“யாரு சொன்னா?”

அவள் வார்டு வாசலைப் பார்த்தாள். “வெளிய சீட்டு எழுதற அக்காங்க.”

பத்மாவை உங்களுக்குத் தெரியும். இருபது வருஷமாக வெளித் தாழ்வாரத்தில் ஓ.பி. சீட்டு எழுதுகிறார். அக்ரஹாரத்திலிருந்து அதே ஸ்கூட்டரில் வருகிறார். நான் படியிறங்கிப் போன வேகத்தில் இரண்டு மெடிக்கல் ரெப்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

“பத்மா, கடை மருந்து குடுத்ததைச் சொல்லாதேன்னு அம்மாக்களுக்குச் சொல்லிக் குடுக்கறீங்களா?”

“ஆமா சார்” என்றார். பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“எத்தனை பேருக்கு?”

“எண்ணலை சார். போர்டு மாட்டின நாள்லேர்ந்து.”

“எதுக்கு?”

“நீங்க கத்திக் கூகாட ஆரம்பிச்சீங்கன்னா அவங்க குழந்தையைத் தூக்கிண்டு எழுந்து போயிடறாங்க. போனா எங்கே போவாங்க? மறுபடியும் அதே கடைக்குத்தான், இல்லையா சார்? உள்ள வந்தா நீங்க குழந்தையையாவது பார்ப்பீங்க.”

“அதுக்காகப் பொய் சொல்லச் சொல்லுவீங்களா?”

“ஒண்ணுமே குடுக்கலைன்னு சொன்னா நம்ப மாட்டார், பாராசிட்டமால் மட்டும்னு சொல்லுங்க, அப்பத்தான் நம்புவார்னும் சொல்லுவேன் சார்.”

எனக்குப் பிடித்த அந்த ‘மட்டும்’ அவர் எழுதிக் கொடுத்த வசனம்.

கத்துவதற்காக வாயைத் திறந்தேன். வரிசையில் பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் மடியிலும் குழந்தை, எல்லார் காலடியிலும் பிளாஸ்டிக் பை. என் முகத்தைப் பார்த்ததும் ஒருத்தி தன் பையைக் காலால் மெதுவாக பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். வாயை மூடிக்கொண்டேன். பத்து வருஷமாக நான் எழுதிய கேஸ் ஷீட்களில் எத்தனை ‘இல்லை’ இருக்கும் என்று அந்த இடத்தில் நின்றபடியே கணக்குப் போடப் பார்த்தேன். முடியவில்லை. நான் எடுத்த நோய் வரலாறுகள் எல்லாம் தாழ்வாரத்தில் ஒத்திகை பார்க்கப்பட்டவை.

கிருமி அடங்கிய பிறகு பாப்புவை அந்த மேஜையில் ஏற்றினோம். இடது பக்கம் சாயம் சிறுநீரகம் வரைக்கும் ஏறி, அங்கே போய் அகலமாக உட்கார்ந்துகொண்டது. சில மாதம் கழித்து எடுத்த சிறுநீரக ஸ்கேனில் இடது பக்கம் யாரோ ஒரு கடி கடித்து வைத்த பிஸ்கட் மாதிரி இருந்தது. முதல் காய்ச்சலில் விழுந்த தழும்பா, இரண்டாவதிலா, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் முதல் தடவையே படம் எடுத்திருந்தால் தினமும் கொடுக்கும் தடுப்பு மருந்து ஆரம்பித்திருப்போம்; காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று ஜோதிக்குச் சொல்லியிருப்போம். இரண்டாவது காய்ச்சலில் இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தாள். ரத்தத்திலேயே தெரிந்துபோயிற்று, பயமில்லை என்று நான் சொல்லியிருந்தேனே.

ஸ்கேனைக் காட்டியபோது ஜோதி அந்தக் கடி விழுந்த இடத்தை விரலால் தொட்டாள்.

“அப்பவே அந்தப் படம் எடுத்திருந்தா இது ஆயிருக்காதுங்களா?”

“ஆகாம இருந்திருக்கலாம்.”

“நான் மறைச்சதுனாலதானுங்களே சாமி?”

ஆமாம் என்று சொல்வது எவ்வளவு சுலபம் தெரியுமா? அதற்குக் காகித ஆதாரம்கூட என்னிடம் இருந்தது, இரண்டு கோடு போட்டு. விசாரணை என்று வந்தால் நான் சுத்தம். கேட்டேன், இல்லை என்றாள், எழுதினேன்.

“இல்லம்மா. நான் கேட்ட விதத்தால” என்றேன்.

அவள் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பியிருக்க மாட்டாள். டாக்டர் நல்லவர், ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். தன் குழந்தையின் பாதிச் சிறுநீரகத்தைத் தான்தான் தின்றோம் என்ற நினைப்போடு அவள் கட்டட வேலையில் செங்கல் சுமக்கிறாள். அந்தப் பாரம் என்னுடையது. எவ்வளவு சொல்லியும் அவளிடமிருந்து அதை வாங்க முடியவில்லை. இந்த மருத்துவமனையில் எனக்கு ஆத்திரம் வந்த நூறு விஷயங்களில் மற்றதெல்லாம் ஓய்வுபெற்ற அன்றே ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

அன்று மத்தியானம் எலெக்ட்ரீஷியனிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கி நானே நாற்காலியில் ஏறிப் பலகையைக் கழற்றினேன். பத்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “மெதுவா சார். விழுந்தீங்கன்னா உங்களுக்கும் நான்தான் சீட்டு எழுதணும்.”

அதற்குப் பிறகு கேள்வியை மாற்றினேன். “கடையில மருந்து வாங்கினியா?” என்று கேட்டால் அது போலீஸ் ஸ்டேஷன். “கடையில என்ன மருந்து குடுத்தாங்க?” என்று, கொடுத்திருப்பார்கள் என்பதாகவே கேட்க ஆரம்பித்தேன். பையிலிருக்கும் பாட்டிலையெல்லாம் மேஜைமேல் வைக்கச் சொன்னேன், எண்ணெய் பாட்டில் உட்பட. முதல் வாரத்தில் வந்த பாட்டில்களைப் பார்த்து எனக்கே காய்ச்சல் வரும்போல இருந்தது. கத்தவில்லை. எனக்கு ஞானம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கோபம் அதே அளவு இருந்தது; மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்த விளிம்பில் வார்னிஷ் போயிருக்கும், பாருங்கள். பத்மா தாழ்வாரத்தில் பாடத்திட்டத்தை மாற்றினார்: “எல்லாத்தையும் சொல்லிடுங்க. பல்லைக் கடிப்பார், ஆனா ஒண்ணும் பண்ண மாட்டார்.”

நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதம் முன்னால் ஜோதி பாப்புவோடு வந்தாள். உட்காரவில்லை. நின்றபடியே ஒப்பித்தாள்.

“பத்து நாளா அந்தத் தடுப்பு மருந்து ஊத்தலைங்க. ஊருக்குப் போனம், பாட்டில இங்கியே வெச்சுப்போட்டுப் போயிட்டம். இன்னிக்குக் காத்தால இருந்து லேசாச் சுடுது. கடைக்குப் போகலைங்க. பஸ் ஏறி நேரா இங்கதான் வந்தனுங்க.”

பத்து நாள். ஒரு சிறுநீரகத்தில் கடி வாங்கிய குழந்தைக்குப் பத்து நாள். வாசலில் பத்மா ஏதோ காகிதம் தேடுவதுபோல நின்றுகொண்டிருந்தார். மேஜை விளிம்பைப் பிடித்தேன்.

“சரி. சொன்னியே, அது போதும். வா, முதல்ல ஒன்னுக்குப் பிடிக்கலாம்.”

சிறுநீரில் கிருமி இருந்தது. காய்ச்சல் தொடங்கிய சில மணி நேரத்திலேயே மருந்து உள்ளே போயிற்று. அந்த வேளையில் இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் அளவு இன்னும் ஏறியே இருக்காது. உங்கள் தாள் அவளை இடது பக்க அம்பில் வீட்டுக்கு அனுப்பியிருக்கும். அடுத்த ஸ்கேனில் பழைய கடி அப்படியே இருந்தது. புதிதாக ஒன்றும் இல்லை. வலது பக்கம் முழுசாக இருந்தது. அந்தப் படத்தை மட்டும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் தாளுக்கு வருகிறேன். அதைக் கிழிக்கச் சொல்லவில்லை. டேப்பைப் பிரித்தால் அடியில் அந்தப் பலகையின் நான்கு திருகாணி ஓட்டைகள் இருக்கும், நான் பூசவில்லை. எதன்மேல் ஒட்டியிருக்கிறீர்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, முதல் அம்புக்கு முன்னால் ஒரு பெட்டி வரைந்து, பிறகு ஒட்டுங்கள்.

அன்று உங்கள் அறையிலிருந்து புத்தகங்களோடு வெளியே வந்தபோது பத்மாவிடம் நின்றேன்.

“புது டாக்டருங்க வந்திருக்காங்களே, இப்ப அம்மாக்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கறீங்க?”

“இப்ப அந்தக் கஷ்டமே இல்ல சார்” என்றார். “உள்ள போன உடனே ரத்தத்துக்குச் சீட்டு எழுதிடறாங்க. மருந்து குடுத்தியான்னு யாரும் கேக்கறதே இல்லை. எனக்கு ரொம்ப நிம்மதி.”

நாளைக் காலையில் போய் அந்த நிம்மதியைக் கெடுங்கள்.